சேம அச்சு

பழந்தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணி தொடங்கிக் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என்று அப்பகுப்பு செல்லும். இதனைப் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆயினும் ஒவ்வொரு பருவமும் நம்மிடம் ஒரு கடமையை ஒப்படைத்துச் செல்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. உழவனுக்கும் மீனவனுக்கும் அது தெரியும். கரும்பலகையின்முன் நிற்கும் எம்போன்றோர்க்கு அது எளிதில் புலப்படுவதில்லை.

பனிக்கட்டி பெய்யும் நாடுகளில் இருசக்கர ஊர்தி வைத்திருப்போர், குளிர்காலம் வந்ததும் அதனைக் கொட்டிலில் நிறுத்திவிடுவர். சாலை உறைந்து கிடக்கும் அந்த மாதங்களில் ஊர்தியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, இளவேனிலுக்கு அணியப்படுத்துவர். நம் தென்பாண்டிக் கடற்கரையில் பனிக்கட்டி பெய்வதில்லை. நமக்குக் கூதிர் என்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் அம்மழைதான் தூத்துக்குடிச் சீமைக்கு ஆண்டின் பெரும்பங்கு நீரைத் தருகிறது. அம்மூன்று மாதங்களும் ஊர்தியைக் கொட்டிலில் நிறுத்திவிட நம்மால் இயலாது. கல்லூரிக்கும் கடைவீதிக்கும் மருத்துவமனைக்கும் அதுவே கால். எனவே ஓட்டிக்கொண்டே பேண வேண்டிய நிலை நம்முடையது. கடந்த சில ஆண்டுகளாகக் கூதிர்க்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், எம் வீட்டுத் தாழ்வாரத்தில் யாம் செய்துவரும் அத்தொழிலைப் பற்றிச் சில சொற்களை ஈண்டுப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

உப்பும் இரும்பும்

எம் ஊர்தி 2006ஆம் ஆண்டில் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். அக்கூட்டு நிறுவனம் பின்னர்ப் பிரிந்து, அப்பெயரே வழக்கொழிந்துவிட்டது. எனினும் வண்டி எம்மிடம் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னர் எம் வாப்பாவிடம் ஒரு டி.வி.எஸ். 50 இருந்தது. 1980இல் சந்தைக்கு வந்த அந்தச் சிறிய மொபெட், எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. வாப்பா அதன் பின்புறம் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார்கள். மாலையில் திரும்பியதும் கைகால் கழுவுவதற்கு முன்பே ஒரு பழந்துணியால் வண்டியைத் துடைப்பார்கள். “இது வெறும் இரும்பில்லை மவனே, நம்ம சோறு” என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொல்.

எம் பகுதியின் காற்றில் உப்பு உண்டு. உப்பு விளைச்சலில் இந்திய நாட்டில் குஜராத்திற்கு அடுத்த இடத்தைத் தமிழ்நாடு பெறுவதற்குத் தூத்துக்குடியின் அளங்களே பெருங்காரணம். உணவுக்குச் சுவையூட்டும் அவ்வுப்பே இரும்புக்குப் பகையாகிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றில் உள்ள உயிர்வளியும் போதும். அந்நீரில் உப்பும் கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகிறது. துரு விரைந்து பரவுகிறது. கோடையில் உப்புத்தூள் வண்டியின் மூட்டுகளில் வந்து படிகிறது. ஐப்பசியில் முதல் மழை அதனைக் கரைக்கிறது. கார்த்திகையில் நட்டும் போல்ட்டும் செம்மண் நிறம் கொள்கின்றன. உள்நாட்டில் பத்தாண்டுகள் உழைக்கும் தகடு, கடலோரத்தில் அதில் பாதிக்காலம் தாங்கினாலே பெரிது.

‘பெட்ரோலை ஊற்றி மூடிவிட்டு மறந்துவிடலாம்’ என்னும் கருத்தமைந்த விளம்பரம் ஒன்று 1980களில் நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட ஊர்திகளுக்கு வந்தது. எரிபொருட் சிக்கனத்தைக் குறித்த அளவில் அவ்விளம்பரம் பொய்யுரைக்கவில்லை. ஆனால் உப்புக்காற்று எதையும் மறப்பதில்லை. நாம் மறந்த இடத்தை நாடியே அது வருகிறது.

கற்பித்தவர்

இத்தொழிலை எமக்குக் கற்பித்தவர் எம் மாணவர் ஒருவர். 2017ஆம் ஆண்டில் அவர் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தார். வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்வார். வினாவினால் விடை சொல்வார். தாமாக வாய் திறவார். விடைத்தாளை வாங்கும்போது கைகளைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்வார். நகக்கண்களில் படிந்திருந்த கருமையை மறைப்பதற்கே அவ்வாறு செய்தார் என்பது எமக்குப் பின்னரே விளங்கிற்று.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ஒரு மாலை, நல்ல மழையில் எம் வண்டி பேருந்து நிலையத்தின் அருகே நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய பழுதுபார்க்கும் கடையில், காக்கிச் சட்டை அணிந்து குந்தியிருந்தவர் அம்மாணவரே. எம்மைக் கண்டதும் முகம் வெளிறி எழுந்து நின்றார். வளைகுடா நாட்டில் ஓட்டுநராக இருந்த அவருடைய வாப்பா நோயுற்றுத் திரும்பியிருந்ததும், மாலைகளிலும் ஞாயிறுகளிலும் அவர் ஈட்டும் கூலியிலேயே அவ்வீடு நடந்ததும் அன்றுதான் தெரியவந்தது. படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் பட்டறைக்கு வந்துவிடலாமா என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். “தமிழ் படிச்சவன் கையில கிரீஸ் இருந்தா ரெண்டு பக்கமும் மதிப்பில்ல சார்” என்று தலைகுனிந்தபடி சொன்னார்.

அந்தச் சொல் எம் நெஞ்சில் தைத்தது. நம் சமுதாயத்தில் இளைஞன் ஒருவன் பட்டறைக்குச் சென்றால், “படிப்பு ஏறவில்லை” என்று முடிவு கட்டிவிடுகிறோம். படிப்பு ஏறினால் கையில் கறை படியக்கூடாது என்று எண்ணுகிறோம். கைக்கும் கல்விக்கும் இடையே இத்தகைய சுவரை எழுப்பியவர் யார்? தாவூத் நபி (அலை) அவர்கட்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசம் செய்யும் கலை கற்பிக்கப்பட்டதையும் திருக்குர்ஆன் கூறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டுக்கொண்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். இவற்றை மேடையில் பேசும் நாமே, கிரீஸ் படிந்த கையைக் கண்டால் நம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம்.

அறிவுரை கூறுவதால் பயனில்லை எனத் தோன்றிற்று. எனவே அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். “ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் எம் வீட்டுக்கு வர இயலுமா? இவ்வண்டியை யாமே பேணக் கற்றுத்தர வேண்டும். கற்பிக்கும் ஆசிரியர்க்கு உரிய ஊதியமும் பெற்றுக்கொள்ள வேண்டும்.” அவர் சிரித்தார். பின்னர் யாம் விளையாடவில்லை என்பதை உணர்ந்து, “சரி சார், பழைய துணி நிறைய எடுத்து வைங்க” என்றார். அதுவே முதற்பாடம்.

மூன்று ஞாயிறுகள்

அவர் எமக்கு வகுத்துத் தந்த பாடத்திட்டத்தையே இன்றும் பின்பற்றுகிறோம். புரட்டாசி முடிவில் ஒரு ஞாயிறு, கார்த்திகையில் ஒரு ஞாயிறு, மழை ஓய்ந்த மார்கழியில் ஒரு ஞாயிறு.

முதல் ஞாயிறு உயிர் காக்கும் உறுப்புகளுக்கு உரியது. அவை டயர், பிரேக், சங்கிலி, விளக்கு என்னும் நான்கு. டயரின் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. சாலையில் தேங்கிய நீரை ஒதுக்கி, ரப்பர் தரையைப் பற்றுவதற்காக அமைந்தவை. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்தைத் தொட்டுவிட்டால் மாற்றியே தீர வேண்டும். பிரேக்குக்குப் பின்சக்கரத்தின் அருகே ஒரு கம்பியும் அதன் முனையில் ஒரு நட்டும் இருக்கும். அதனைத் திருகி மிதியின் ஆட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கட்டை தேய்ந்துவிட்டதா என்பதைப் பக்கத்துத் தகட்டில் உள்ள அம்புக்குறி காட்டும். பிரேக்கை முழுதாக மிதித்தபொழுது அம்பு எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால், நட்டை எத்துணை திருகினும் பயனில்லை. கட்டையை மாற்றுவதே முறை. மழை ஈரத்தில் ஊர்தி நிற்பதற்கு வறண்ட சாலையைவிட மிகுதியான தொலைவு வேண்டும். ஒரு முழ வேறுபாடு ஓர் உயிரின் வேறுபாடாகிவிடக் கூடும்.

சங்கிலியை மூடியிருக்கும் தகட்டுறையைக் கழற்றினால், வெளியே பளபளக்கும் வண்டியின் உட்பகை தெரியும். மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகையால் கழுவி, துணியால் துடைத்து, 90ஆம் எண் கியர் எண்ணெயைக் கண்ணி கண்ணியாக விட வேண்டும். இவ்வேலையின்போது எஞ்சின் அணைந்தே இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்ற வேண்டும். ஓடும் சங்கிலியைத் துடைக்க முயன்று விரலிழந்தோர் உண்டு. சங்கிலி மிகவும் தொய்ந்தால் பல்லிலிருந்து நழுவும். மிகவும் இறுகினால் தானும் தேய்ந்து பற்சக்கரத்தையும் தேய்க்கும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் ஆட வேண்டும். இருபுறமும் உள்ள கோடுகள் ஒத்திருந்தால்தான் பின்சக்கரம் நேராக நிற்கும்.

இரண்டாம் ஞாயிறு நீருக்கு எதிரானது. மின்கலத்தின் முனைகளில் வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, வாசலின் தடவ வேண்டும். கழற்றும்போது முதலில் எதிர்முனை, பூட்டும்போது இறுதியில் எதிர்முனை என்பது மாறா விதி. கிளட்ச் கம்பியின் மேல்முனையில் ஒரு காகிதக் கூம்பைக் கட்டி, அதில் எண்ணெய் விட்டுவைத்தால் சிறிது சிறிதாக உள்ளிறங்கும். பெட்ரோல் தொட்டியின் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் பார்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டில் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. மூடி வழியே மழைநீர் கசிந்தால், அந்நீரும் எத்தனாலும் ஒன்றுகூடிப் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் அதன் கிண்ணத்திற்குக் கீழே ஒரு சிறு திருகாணி உண்டு. அதனைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால், அடியில் நீர் தனியே நிற்பதைக் காணலாம்.

மூன்றாம் ஞாயிறு எண்ணெய் மாற்றுவதற்கு. எஞ்சினைச் சில மணித்துளிகள் ஓடவிட்டு, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது அடியிலுள்ள 17ஆம் எண் போல்ட்டைக் கழற்றினால் கருநிற எண்ணெய் இறங்கும். புதிய எண்ணெய்க் குப்பியின்மீது 10டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பர். அதிலுள்ள டபிள்யூ என்னும் எழுத்து ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் ‘விண்டர்’ என்னும் சொல்லின் முதலெழுத்தாம். முன்னெண் குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னெண் எஞ்சின் சூடேறியபின் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும். அமெரிக்கப் பொறியாளர் வகுத்த குறியீட்டில் ஒரு கூதிர் ஒளிந்திருப்பதை அறிந்தபோது, பெரும்பொழுதுகளைப் பாடம் சொல்லும் எமக்குப் புன்னகை தோன்றிற்று. இறக்கிய கழிவெண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதல் தகாது. கிணற்று நீரை அது கெடுக்கும். ஒரு கலனில் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் கொடுத்தனுப்பும் பட்டறையில் ஒப்படைத்துவிடுகிறோம்.

இவ்வேலைகளில் எமக்கு உதவியாளர் எம் மகள். கையேட்டை உரக்கப் படிப்பதும், டார்ச் விளக்கைப் பிடிப்பதும் முதலில் அவளுடைய பணிகள். இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைக் கொண்டு எஞ்சினின் உடல்நிலையைச் சொல்கிறாள். வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையாக இருந்தால் உள்ளே தேய்மானம். “இதுவும் ஒரு பாடம் படிக்கிற மாதிரிதான் வாப்பா” என்று ஒருநாள் சொன்னாள். சுவடியின் பூச்சியரிப்பைக் கொண்டு அதன் வரலாற்றை உய்த்துணரும் பதிப்பாசிரியரும் இதைத்தானே செய்கிறார்?

முடுக்கல்

எம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பத்துப்பாட்டில் பருவ வருணனை என்னும் பொருளை எடுத்துக்கொண்டிருந்தோம். அதனால் நக்கீரரின் நெடுநல்வாடையைப் பலமுறை கற்க நேர்ந்தது. கூதிர்க்காலத்து நகரத்தை அப்பாட்டில் காண்கிறோம். கோடையில் பயன்பட்ட விசிறி மடங்கித் தொங்குகிறது. குளிர்ந்த நீரை உண்பாரில்லை. நெருப்புச் சட்டியின் வெம்மையை மக்கள் நாடுகின்றனர். அப்பாட்டில் அரண்மனையின் கதவைப் புனைந்த கம்மியனைக் ‘கைவல்’ என்னும் அடைகொடுத்துப் புலவர் சிறப்பிக்கிறார். அவன் ‘முடுக்கியதால்’ மூட்டுகள் இடைவெளியின்றிப் பொருந்தின என்கிறார்.

2018இல் இப்பகுதியை வகுப்பில் நடத்தினோம். உரையில் கண்டவாறு பொருள் கூறிவிட்டு மேலே செல்ல முனைந்தபோது, கடைசி இருக்கையிலிருந்து அம்மாணவர் எழுந்தார். “சார், பட்டறையில நாங்க இன்னைக்கும் முடுக்குறதுன்னுதான் சொல்லுவோம்” என்றார். பின்னர் முன்னால் வந்து, சாக்கட்டியை வாங்கி, கரும்பலகையில் ஒரு மூட்டின் படத்தை வரைந்தார். இடைவெளி இருந்தால் ஆட்டம் வரும். ஆட்டம் வந்தால் தேயும். தேய்ந்த வழியே நீர் புகும். மழைக்காலத்தில்தான் மூட்டின் உண்மை வெளிப்படும் என்று விளக்கினார். அளவுக்கு மேல் முடுக்கினாலும் கேடுதான், மறை அழிந்துவிடும், போதும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும், அந்தக் கைதான் கைவல் என்று முடித்தார். சாக்கட்டி பிடித்திருந்த விரல்களின் கருமையை வகுப்பே பார்த்தது. அன்று அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை.

‘முடுக்கல்’ என்பதன் பொருளை நூலறிவாகப் பல ஆண்டுகள் சுமந்திருந்தோம். மார்கழி ஞாயிறுகளில், ஸ்பானரின் பிடியில் அச்சொல் எம் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. திருப்புளி, குறடு, அரம், மறை, உப்புத்தாள் என்று பட்டறைகளில் இன்றும் வழங்கும் சொற்களைத் தமிழ் மாணவர் தொகுக்கப் புகுந்தால், அதுவே தனியோர் ஆய்வேடாகும். அச்சொற்களைக் காத்து வைத்திருப்போர் பெரும்பாலும் கல்லூரி வாயிலைக் காணாதோரே.

ஒரு பெரியவரின் வினா

எம் தெருவில் பெரியவர் ஒருவர் உண்டு. யாம் தாழ்வாரத்தில் கைக்கறையோடு அமர்ந்திருப்பதைக் கண்டு, “மாசச் சம்பளம் வாங்குறீங்க. ஒரு ஏழைப் பையனுக்குப் போற கூலியை நீங்களே மிச்சம் பிடிக்கலாமா?” என்று வினவினார். புறக்கணிக்கத்தக்க வினா அன்று அது. யாம் பலநாள் எண்ணிப் பார்த்தோம்.

எம் பட்டறைச் செலவு இதனால் குறைந்துவிடவில்லை என்பதே உண்மை. எஞ்சினைப் பிரித்தல், கிளட்ச் மாற்றுதல், சக்கரக் கம்பிகளைச் சமன்செய்தல் ஆகியவை பயின்ற கைக்கே உரியவை. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் கார்புரேட்டருக்கு மாற்றாக மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் அமைப்பு வந்துவிட்டது. அதனை வீட்டுத் தாழ்வாரத்தில் பிரிக்க முனைவது அறிவுடைமையாகாது. வீட்டில் நாம் செய்வது பேணல். பட்டறையில் அவர்கள் செய்வது செப்பம். பல் துலக்குவதால் பல் மருத்துவர் வறியவராகிவிடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. துருவேறிய ஒரு போல்ட்டைக் கழற்ற அரைமணி நேரம் போராடியவர், பிறிதொருவர் கூலி கேட்கும்போது பேரம் பேச மாட்டார். அதன் விலை அவருக்குத் தெரியும். தொழிலைக் கற்பதால் தொழிலாளியின் கூலி குறைவதில்லை. அவர் உழைப்புக்குரிய மதிப்பு உயர்கிறது. இதைப் பெரியவரிடம் கூறியபோது சற்று நேரம் எம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஞாயிறு தம் பேரனை அனுப்பிவைத்தார்.

வெள்ளம் வந்த நாள்கள்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைத் தென்மாவட்டத்தார் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஓராண்டுக்கு வரவேண்டிய நீர் ஒரே நாளில் வந்துவிட்டது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைமீறிற்று, தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டதால் இரயில் ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. எம் தெருவில் இடுப்பளவு நீர்.

நீர் வடிந்தபின் தெருவின் இருமருங்கிலும் சேறு பூசிய வண்டிகள் நின்றன. மீன் விற்பவரின் மொபெட், பால்காரரின் பழைய வண்டி, வீட்டு வேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர் தவணையில் வாங்கிய ஸ்கூட்டர் என எல்லாம் நின்றன. வண்டி ஓடினால்தான் அன்றைய அடுப்பு எரியும் என்னும் நிலையில் ஒவ்வொருவரும் உதைத்துப் பார்க்கத் துடித்தனர். அவ்வாறு உதைப்பதே பெருங்கேடு. நீர் காற்றைப்போல் அழுந்துவதில்லை. எஞ்சினுள் நீர் நிற்கையில் பிஸ்டன் மேலெழுந்தால், அதனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் தீரும் பழுது பல்லாயிரம் ரூபாய்ச் செலவாகிவிடும். “யாரும் உதைக்காதீர்கள், சாவியையும் திருப்பாதீர்கள்” என்று யாமும் எம் மகளும் வீடு வீடாகச் சென்று சொன்னோம்.

மறுநாள் காலை, சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தார் அம்மாணவர். தோளில் கருவிப்பை. 2019இல் பட்டம் பெற்ற அவர், தமக்கென ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். அதிலும் வெள்ளம் புகுந்திருந்தது. தம் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். “என் கடை நாளைக்கும் இருக்கும் சார், இவங்க இன்னைக்குச் சாப்பிடணும்” என்றார்.

பெரியவரின் பேரனும் இன்னும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்துகொண்டனர். தாழ்வாரமே பட்டறையாயிற்று. எண்ணெயை இறக்கினால் பாலூற்றிய காப்பி போல் வந்தது. நீர் புகுந்ததற்கு அதுவே சான்று. பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்ல உதைத்தபோது துளை வழியே சேற்றுநீர் பீறிட்டது. தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்தோம். காற்று வடிகட்டியை அகற்றினோம். பிரேக் உருளைகளைத் திறந்து மண்ணைக் கழுவி உலர்த்தினோம். புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதனையும் இறக்கி மீண்டும் ஊற்றினோம். மின்னணு அமைப்புள்ள புதிய வண்டிகளைத் தொடாமல் முகவர் பணிமனைக்கென ஒதுக்கி வைத்தோம். மூன்று நாள்களில் பதினோரு வண்டிகள் உயிர்பெற்றன. இரண்டு எழவில்லை. எழாத இரண்டில் ஒன்று மீன் விற்பவருடையது. நீர் வடிவதற்கு முன்பே அவர் பலமுறை உதைத்திருந்தார். அவர் தம் வண்டியின் அருகே குந்தியிருந்த காட்சி இன்றும் எம் கண்ணை விட்டு அகலவில்லை. தெருவார் சேர்ந்து பொருள் திரட்டிப் பழைய வண்டி ஒன்றை வாங்கிக்கொடுக்கும்வரை, இரண்டு வாரங்கள் அவர் கூடையைத் தலையில் சுமந்தே சென்றார். இரண்டு திங்கள் முன்னரே, உதைக்கக்கூடாது என்னும் ஒரு செய்தி அவர் செவிக்கு எட்டியிருந்தால் அத்துன்பம் நேர்ந்திராது. அறிவு பரவாமல் தேங்கினால் விளைவது இதுதான்.

மாணவர்க்கு ஒரு சொல்

புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாராட்டும்போது ஓர் உவமையைக் கையாள்கிறார். உப்பு வணிகராகிய உமணர், பாரம் ஏற்றிய வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டிச் செல்வராம். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன நேரும் என்பதை யார் அறிவார் என்னும் முன்னறிவே அதற்குக் காரணம். அதனைச் ‘சேம அச்சு’ என்கிறார். உப்பு விளையும் இக்கடற்கரையில் வாழும் நமக்கு அவ்வுவமை அயலானதன்று.

இன்றைய இளைஞர்க்குப் பட்டம் ஓர் அச்சு எனில், கைத்திறன் சேம அச்சு. அல்லது கைத்திறனை முதல் அச்சாகக் கொண்டோர்க்குக் கல்வி சேம அச்சு. எது முதல், எது சேமம் என்பதில் உயர்வு தாழ்வு இல்லை. வண்டி வீடு சேர்வதே முதன்மை. எம் மாணவர் இன்று தம் பட்டறையில் வேலைச்சீட்டை நல்ல தமிழில் எழுதித் தருகிறார். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அடுத்து எப்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை வண்டிக்காரர்க்கு விளங்கும்படி இரண்டு வரிகளில் குறித்து வைக்கிறார். தமிழ் படித்ததன் பயன் என்னவென்று கேட்போர்க்கு அச்சீட்டே விடை.

இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியர் ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டுகிறோம். வீட்டில் நிற்கும் வண்டியின் பிரேக் மிதியை முழுதாக அழுத்தி, பக்கத்துத் தகட்டில் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் முதலில் பாருங்கள். அதற்குக் கருவி எதுவும் வேண்டா, கண் போதும். எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தால், அன்றே ஒரு கைவல் கம்மியரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பக்கத்தில் நின்று அவர் கைகளைக் கவனித்துப் பாருங்கள்.